கரடிகள் சுமந்த சோபா

இப்போது கேட்டால் வால்யூம் சிரித்துக்கொண்டே சொல்வார். ஆனால் அன்று மத்தியானம் அந்த அரங்கத்துக்குள் அவர் உட்கார்ந்திருந்த உட்காரலைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், மனுஷன் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தார் என்று.

வால்யூம் என்பது கடைவீதி வைத்த பெயர். அவருடையது டிவிக் கடை. சுவர் முழுக்க டிவிகள். அத்தனையிலும் படம் ஓடும், ஒன்றிலும் சத்தம் வராது. சத்தமெல்லாம் முதலாளியுடையது. ஆள் வாசலில் கால் வைக்கும்போது ஆரம்பிக்கும் பேச்சு, பெட்டியைக் கட்டி வண்டியில் ஏற்றும்வரை ஓயாது. "டிவியும் பேசி நானும் பேசினா பேரம் கலைஞ்சிடும்" என்பது அவர் கட்சி. எதிர்ச்சாரிப் பாத்திரக்கடைக்காரர் அலுத்துக்கொள்வார்: "நான் என் கடையில விலை சொல்றேன், வந்தவங்க அவர் கடையில இருந்து கேட்ட விலைக்குப் பதில் சொல்றாங்க."

அந்த டிவிகளில் வருஷக்கணக்காக ஓடியது ஒரே படம். டிவி கம்பெனிக்காரன் நிறத்தைக் காட்டுவதற்காக அனுப்பிய பென்டிரைவில், பூ விரிவதும் மீன் நீந்துவதுமாக இருந்த கண்றாவிகளுக்கு நடுவே, அந்தச் சின்ன அனிமேஷன் படம் வந்து மாட்டியது. ஒரு ஆண் கரடி, ஒரு பெண் கரடி, ஒரு சிவப்பு சோபா, ஒரு மலை. இரண்டும் சோபாவைத் தூக்கிக்கொண்டு மலையேறுகின்றன. அவ்வளவுதான் கதை. எந்தப் பக்கம் யார் பிடிப்பது என்று சண்டை. மூச்சு வாங்கினால் சோபாவை இறக்கி அதிலேயே உட்காருவது. மழை வந்தால் சோபாவைத் தலைகீழாகக் கவிழ்த்து அதற்கடியில் ஒண்டுவது. நடுவில் ஆட்டுக் கூட்டம் ஒன்று வந்து சோபாவில் ஏறிக்கொண்டு இறங்க மாட்டேன் என்னும்.

சத்தம் இல்லாத படத்துக்கு வால்யூமே வசனம் போட்டார். அவர் கணக்கில் ஆண் கரடி கடைக்காரன், பெண் கரடி சோபா வாங்கிய வாடிக்கையாளர்.

"ஏங்க, டெலிவரி ஃப்ரீன்னு சொன்னீங்களே, நான் ஏன் தூக்கறேன்?"

"நீங்க தூக்கறதாலதாம்மா ஃப்ரீ."

ஆடு மெத்தையைக் கடிக்கும் இடம் வரும்போது, "அவர் ஒண்ணும் பண்ண மாட்டார்மா, சாம்பிள் பார்க்கறார்" என்பார். டிவி வாங்க வந்த குடும்பம் வந்த வேலையை மறந்துவிட்டுச் சிரிக்கும். சிரிக்கிறவனிடம் விலை சொல்வது சுலபம் என்பது அவருக்குப் பிறவியிலேயே தெரிந்த சங்கதி.

ஆனால் வியாபாரத்துக்காக மட்டும் அவர் அந்தப் படத்தைப் போட்டுக்கொண்டிருந்தார் என்று சொன்னால் அது பாதி உண்மைதான். உச்சிக்குப் போனதும் கரடிகள் சோபாவைப் போட்டு, அக்கடா என்று அக்கம்பக்கமாய் உட்காரும். எதிரே ஆரஞ்சு நிறத்தில் சூரியன் இறங்கும். அந்த இடத்தோடு படம் முடிந்து மறுபடி முதலிலிருந்து தொடங்கும். பாவம், இரண்டும் அடிவாரத்தில் சோபாவோடு நிற்கும். சாயந்திரம் கடை சாத்தும்போது, கரடிகள் உச்சிக்குப் போய் உட்கார்ந்த பிறகுதான் வால்யூம் மெயின் சுவிட்சை அணைப்பார். பாதி மலையில் அணைத்தால் ராத்திரி முழுக்கப் பாரத்தோடு நிற்குமே என்று அவருக்கு ஒரு எண்ணம். இதை யாரிடமும் சொன்னதில்லை. கடைவீதியில் இப்படியெல்லாம் சொன்னால் அடுத்த நாள் கடன் கேட்க ஆள் வந்துவிடும்.

இனி அவருடைய அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அக்கா பேரம் பேசினால் கடைவீதியில் மற்ற கடைக்காரர்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்ப்பார்கள். விலையைக் குறைக்கச் சொல்லிக் கெஞ்சுகிற வகை இல்லை அவள். பொருளைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். ஒரு விலை சொல்வாள். கடைக்காரன் மறுத்தால் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடப்பாள். அந்த நடைதான் விசேஷம். அவசரமும் இருக்காது, தயக்கமும் இருக்காது, கழுத்து ஒரு இம்மி திரும்பாது. கூப்பிடுவார்கள் என்று தெரிந்து நடக்கிற நடை. ஜவுளிக்காரர் ஒருவர் அவள் பின்னால் ஓடுவதற்கென்றே ஒல்லியாக ஒரு ஆளை வேலைக்கு வைத்தார் என்று ஒரு பேச்சு உண்டு.

மாமா, அதாவது அக்காவின் கணவர், போன பிறகு அந்த நடையும் போயிற்று. இருந்தவரை இருவருக்கும் காலையிலிருந்து இரவு வரை வாக்குவாதம்தான். காபியில் சர்க்கரை, ஜன்னலைத் திறப்பது, செருப்பை விடுகிற இடம் எல்லாவற்றுக்கும். அவர் மாரடைப்பில் ஒரு காலையில் போய்விட்டார். அக்கா அழுது புரளவில்லை. எல்லாவற்றுக்கும் "சரி" சொல்ல ஆரம்பித்தாள், அவ்வளவுதான். சாப்பிடுக்கா, சரி. படுத்துக்கோக்கா, சரி. காய்கறிக்காரம்மா ஒருநாள் மூச்சு வாங்க டிவிக் கடைக்கு ஓடி வந்தாள்.

"உங்க அக்காவுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"ஏம்மா, என்னாச்சு?"

"சொன்ன விலையைக் கொடுத்துட்டுப் போயிட்டாங்க. எனக்குக் கை காலெல்லாம் நடுங்குது."

அன்றைக்குத்தான் வால்யூமுக்கு நிஜமாகவே பயம் வந்தது. வீட்டில் ஒரு சட்டம் போட்டார்கள். அக்கா இருக்கும்போது மாமா பேச்சை எடுக்கக் கூடாது. டிவியில் யாராவது செத்தால் சேனலை மாற்ற வேண்டும். அவள் எது கேட்டாலும் உடனே கொடுத்துவிட வேண்டும். அக்கா வந்தால் வால்யூமே தணிந்த குரலில்தான் பேசினார். அப்படி அவர் பேசுவதைக் கேட்ட பாத்திரக்கடைக்காரர், தொண்டைக்கு டாக்டரைப் பாருங்கள் என்று அக்கறையாகச் சொல்லிவிட்டுப் போனார்.

இந்த நிலைமையில்தான் பல் டாக்டர் வந்தார். ஊரில் சினிமாப் பைத்தியம் பிடித்தவர் அவர். வருஷத்துக்கொரு தடவை கல்லூரி அரங்கத்தை எடுத்து, எங்கெங்கோ இருந்து படங்களை வரவழைத்துக் குறும்பட விழா நடத்துவார். விழாவுக்கு ஸ்பீக்கர்கள் வால்யூம் கடையிலிருந்துதான் இரவலாகப் போகும்.

"ஒவ்வொரு வருஷமும் உதவறீங்க. இந்த வருஷம் உங்களுக்குப் புடிச்ச ஒரு படத்தைப் போடறேன், சொல்லுங்க" என்றார் டாக்டர்.

வால்யூம் சுவரைக் காட்டினார். "இதோ ஓடுதே, கரடிப் படம். கிடைக்குமா?"

டாக்டரின் முகத்தில் ஒரு மரியாதை வந்தது. "உங்களுக்கு அந்தப் படம் புடிக்குமா சார்? அதுல இருக்கற ஆழம் நிறைய பேருக்குப் புரியாது."

"என்னைவிட அதிகமா இந்தப் படத்தைப் பார்த்தவன் எவனும் இருக்க மாட்டான் டாக்டர்."

ஆழம் என்று எதைச் சொல்கிறார் என்று கேட்டிருக்கலாம். ஆனால் சும்மா வருகிற மரியாதையை நோண்டிப் பார்ப்பது வியாபாரி வழக்கமில்லை.

அக்காவிடம் அன்றே சொன்னார். "நம்ம கடையில ஓடுதே, அந்தப் படம்க்கா. பெரிய திரையில போடறாங்க. காமெடி. கரடி ரெண்டு சோபா தூக்குது. வயிறு வலிக்கச் சிரிப்ப. நான் கேரண்டி."

கேரண்டி என்ற சொல்லைச் சொந்த வாயால் சொல்லாத ஆள் வால்யூம். கடையில் கேட்டால் "கம்பெனி கேரண்டி" என்றுதான் சொல்வார். நாளைக்குப் பிரச்சினை என்றால் கம்பெனியைக் கை காட்டலாம் பாருங்கள்.

"சரி" என்றாள் அக்கா.

"சோகமா எதுவும் வராதுல்ல?" என்று அவர் மனைவி அடுக்களையிலிருந்து கேட்டாள்.

"கரடி சோபா தூக்குது. இதுல எங்க வந்தது சோகம்?"

விழா அன்று மத்தியானம் அரங்க வாசலில் நல்ல கூட்டம். கழுத்தில் அட்டை தொங்கவிட்ட மாணவர்கள், குழந்தைகளோடு வந்த குடும்பங்கள், படம் பார்க்கிறார்களோ இல்லையோ படத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள். அக்காவை உள்ளே அனுப்பி இடம் பிடிக்கச் சொல்லிவிட்டு வால்யூம் தன் ஸ்பீக்கர்கள் நல்லபடியாக நிற்கின்றனவா என்று பார்க்கப் போனார். அங்கே டாக்டர் அவர் தோளில் கை வைத்தார்.

"கைக்குட்டை கொண்டு வந்திருக்கீங்கல்ல சார்?"

"எதுக்கு டாக்டர்?"

"அந்தக் கடைசி ரெண்டு நிமிஷத்துக்கு. போன வருஷம் வேற ஒரு விழாவுல பார்த்தேன். தியேட்டரே அழுதுச்சு. எனக்குப் பக்கத்துல இருந்தவர் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுட்டு என் கண்ணாடியை மாட்டிக்கிட்டுப் போயிட்டார்."

"எந்தக் கடைசி ரெண்டு நிமிஷம்?"

"சூரியன் மறைஞ்ச பிறகு சார்."

சூரியன் மறைந்த பிறகு என்று ஒன்று அவருடைய படத்தில் கிடையாது. டாக்டரை விட்டு விலகி, சுவரோரம் போய், கடையில் இருந்த ஃபிட்டருக்குப் போன் போட்டார். டிவிகளைச் சுவரில் மாட்டுவதும், பென்டிரைவ் விவகாரங்களைப் பார்ப்பதும் ஃபிட்டர் வேலை.

"டேய், கரடிப் படத்துக்கு முடிவுன்னு ஒண்ணு இருக்கா?"

"இருந்துச்சு முதலாளி. நான்தான் வெட்டினேன். நீங்கதான் சொன்னீங்க."

"நான் எப்படா சொன்னேன்?"

"கடையில லைட்டு எரியும்போது இருட்டு சீன் வந்தா டிவி அணைஞ்சு கிடக்கற மாதிரி தெரியும், இருட்டு எங்க வந்தாலும் வெட்டிப் போட்டுடுன்னு சொன்னீங்க. பூ வீடியோவுலகூட ஒரு ராத்திரி வெட்டினேன்."

சொன்னது ஞாபகம் வந்தது. நல்ல யோசனை என்று அன்றைக்குத் தன்னைத்தானே மெச்சிக்கொண்டதும் ஞாபகம் வந்தது.

"அந்த இருட்டுல என்னடா ஆச்சு?"

ஃபிட்டர் கொஞ்சம் இழுத்தான். "ஆம்பளைக் கரடி போயிடும் முதலாளி."

"எங்க போகும்?"

"எங்கன்னா... போயிடும். அதுக்கு மேல நான் பார்க்கல. எனக்கே ஒரு மாதிரியா இருந்துச்சு, வெட்டிட்டேன்."

வால்யூம் போனை வைத்தார். இத்தனை நாளாக மாமாவின் செருப்பைக்கூட அக்கா கண்ணில் படாமல் மறைத்து வைத்தவர், இன்றைக்குச் சுவர் உயரத் திரையில், இருட்டில், சொந்த ஸ்பீக்கரில் புருஷன் போவதைக் காட்டப் போகிறார். அதுவும் காமெடி என்று சொல்லி, கேரண்டி கொடுத்து.

நேராக டாக்டரிடம் போனார். "டாக்டர், ஒரு சின்ன விஷயம். சூரியன் இறங்கினதும் படத்தை நிறுத்திடலாமா?"

"என்ன சார் சொல்றீங்க?"

"ஆரஞ்சு கலர்லயே முடிச்சிடுவோம். ஜனங்க சந்தோஷமா வெளிய போவாங்க. அடுத்த வருஷத்துக்கும் ஸ்பீக்கர் என் பொறுப்பு."

"பல்லைப் பாதி புடுங்கினதும், போதும் டாக்டர், ரத்தம் வர்றதுக்குள்ள நிறுத்திடுங்கன்னு சொல்வீங்களா?"

"சரி, வேற படத்தோட மாத்திடுங்க. இதைக் கடைசியில போடுங்க. நாங்க அதுக்குள்ள கிளம்பிடறோம்."

"அடுத்ததே அதுதான் சார்" என்றார் டாக்டர், கனிவாக. பல் டாக்டர்கள் அந்தக் கனிவைக் காட்டும்போது இனித் தப்பிக்க வழியில்லை என்று அர்த்தம்.

வாழ்நாளில் இவ்வளவு சீக்கிரம் தோற்ற பேரம் வால்யூமுக்கு நினைவில்லை. உள்ளே ஓடினார். அக்கா நடுவரிசையில், நட்டநடுவில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்து இருக்கையில் அவருக்காகக் கைப்பை. முழங்கால்களைத் தாண்டி, மன்னிப்புக் கேட்டு, ஒருவர் காலை மிதித்து, அவளிடம் போய்ச் சேர்ந்தார்.

"அக்கா, ஏசி ரொம்ப ஜாஸ்தியா இருக்கு. உனக்கு ஆகாது. வீட்டுக்குப் போயிடலாமா?"

இப்போதாவது அந்தப் பாழாய்ப்போன "சரி" வரும் என்று காத்திருந்தார். இத்தனை நாள் அந்தச் சொல்லைக் கேட்டுக் கேட்டு நொந்தவர், இப்போது அதற்காக ஏங்கினார்.

"எதுக்கு? நல்ல இடமா புடிச்சு வெச்சிருக்கேன். உக்காரு" என்றாள் அக்கா. பிறகு குரலைத் தாழ்த்தி, "இந்தப் பக்கம் இருக்கற பொண்ணு கைப்பிடி ரெண்டும் தனக்குன்னு நினைச்சுக்கிட்டிருக்கா. இப்பதான் பாதி இடம் வாங்கினேன். எந்திரிச்சா போச்சு" என்றாள்.

சொன்னது என்ன என்று யோசிக்கிற நிலையில் வால்யூம் இல்லை. விளக்குகள் அணைந்தன.

அடிவாரம் வந்தது. கரடிகள் வந்தன. ஐயோ, எவ்வளவு பெரிய கரடிகள். கடைச் சுவரில் முழ நீளத்தில் பார்த்துப் பழகியவருக்கு, வீடு உயரத்துக்கு அவை எழுந்து நின்றபோது, கூடப் படித்த பையனை மேடையில் பார்த்தது போல ஒரு கூச்சமும் பெருமையும் வந்தது. சோபா சிவப்பு என்றுதான் நினைத்திருந்தார். அதில் சின்னச் சின்னப் பூக்கள் இருந்தன.

பிறகு ஆண் கரடி வாயைத் திறந்தது.

வசனம் என்று ஒன்றும் இல்லை. வெறும் முனகலும் முணுமுணுப்பும்தான். ஆனால் ஆண் கரடியின் குரல் விசில் மாதிரி மெல்லிசாக வந்தது. பெண் கரடிக்குத்தான் கட்டைக் குரல், லாரி முதல் கியரில் கிளம்புவது போல. அரங்கம் அதற்கே சிரித்தது. வால்யூமுக்குச் சுருக்கென்றது. வருஷக்கணக்காக அவர் இரண்டு குரலையும் மாற்றிப் போட்டிருக்கிறார். அதோடு, கரடிகள் சோபாவில் உட்காரும்போதெல்லாம் உள்ளே ஒரு ஸ்பிரிங் 'டொய்ங்' என்றது. அது ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு சுருதியில் வந்தது. ஒவ்வொரு தடவையும் ஜனங்கள் சிரித்தார்கள். படத்தில் இப்படி ஒரு ஸ்பிரிங் இருப்பதே அவருக்கு இன்றைக்குத்தான் தெரியும். ஆடு மெத்தையைக் கடிக்கும் இடத்தில், அவர் கடையில் எப்போதும் கூரை பிய்ந்து போகும் இடத்தில், ஒரு சின்னச் சலசலப்பு மட்டும்தான்.

'சாம்பிள் பார்க்கறார்'னு நான் சொல்லியிருந்தா தெரிஞ்சிருக்கும், என்று நினைத்துக்கொண்டார்.

இன்னொன்றும் அவருக்குப் புரிந்தது. அந்த இரண்டும் கடைக்காரனும் வாடிக்கையாளரும் இல்லை. சத்தத்தோடு கேட்டால் சின்னக் குழந்தைக்கும் தெரியும். பெண் கரடி உறுமும்; ஆண் கரடி விசில் குரலில் ஏதோ பதில் சொல்லும்; அவள் மறுபடி உறுமுவாள். காபியில் சர்க்கரை, ஜன்னல், செருப்பு. அக்கா வீட்டுச் சத்தம் அப்படியே இது.

ஓரக்கண்ணால் பார்த்தார். திரை வெளிச்சத்தில் அக்காவின் முகம் அசையவில்லை. சிரிக்கவும் இல்லை.

கரடிகள் உச்சிக்கு வந்தன. சோபாவைப் போட்டன. ஆண் கரடி உட்கார்ந்தது. டொய்ங். பெண் கரடி உட்கார்ந்தது. டொய்ங். ஆரஞ்சு நிறம் திரையில் வழிந்தது. இந்த இடம்தான். இங்கேதான் இருவரும் மறுபடி அடிவாரத்துக்குப் போயாக வேண்டும். வால்யூம் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார், பென்டிரைவ் பழக்கத்தில் படம் திரும்பிவிடாதா என்ற நப்பாசையில். திரும்பவில்லை. சூரியன் இறங்கிக்கொண்டே போயிற்று. ஆரஞ்சு சிவப்பாகி, சிவப்பு ஊதாவாகி, திரை இருண்டது.

நட்சத்திரங்கள் வந்தன. சோபா தெரிந்தது. அதில் பெண் கரடி மட்டும் இருந்தது. பக்கத்தில் மெத்தையில், ஒரு பெரிய உடம்பு உட்கார்ந்து உட்கார்ந்து அமுங்கிய குழி.

அரங்கத்தில் ஒரு இருமல்கூட இல்லை. பெண் கரடி குழியைப் பார்த்து முணுமுணுத்தது. நிறுத்திக் காத்திருந்தது. விசில் குரல் வரவில்லை. மறுபடி முணுமுணுத்தது, கொஞ்சம் கோபமாக. காத்திருந்தது. வரவில்லை.

வால்யூமுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. என்ன செய்கிறோம் என்று யோசிக்காமல், சின்ன வயதில் ஊசி போடும்போது அக்கா அவருக்குச் செய்தது போல, கையை நீட்டி அவள் கண்களுக்கு முன்னால் வைத்தார்.

"கையை எடுடா" என்றாள் அக்கா. "மறைக்குது."

எடுத்தார். எடுத்த கை நனைந்திருந்தது.

திரையில் பெண் கரடி எழுந்து நின்றது. சோபாவின் பின்னால் போயிற்று. பெருமூச்சு விட்டு, இரண்டு கையாலும் ஒரு தள்ளுத் தள்ளி, சரிவில் நகர ஆரம்பித்த சோபாவில் ஓடிப் போய்த் தொப்பென்று குதித்தது. டொய்ங். குதித்தது தன் இடத்தில் இல்லை, அந்தக் குழியில். சோபா வேகம் பிடித்தது. அத்தனை பாடுபட்டு ஏறிய மலையில், இருட்டில், நட்சத்திரங்களுக்குக் கீழே, கரடி கால் இரண்டையும் தூக்கிக்கொண்டு சறுக்கிக்கொண்டு போயிற்று. தூங்கிக்கொண்டிருந்த ஆடுகள் நாலா பக்கமும் சிதறின. ஒரே ஒரு ஆடு மட்டும், மெத்தையைக் கடித்த அதே ஆடு, பக்கத்து இடத்தில் விழுந்து, கரடியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கூடவே போயிற்று. கரடியின் கட்டைக் குரல் மலை முழுக்க எதிரொலித்தது. அது அழுகை இல்லை. சின்னப் பிள்ளை ஊஞ்சலில் போடுகிற கூச்சல்.

அரங்கம் வெடித்தது. அந்தச் சத்தத்துக்கு நடுவே இன்னொரு சத்தம் கேட்டது. பல நாள் பூட்டிக் கிடந்த கடையின் ஷட்டரை ஏற்றினால் முதலில் ஒரு கறகறப்பு வருமே, பிறகு தடதடவென்று ஒரேயடியாக மேலே போகுமே, அப்படி. முன் வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா சிரித்துக்கொண்டிருந்தாள். கன்னமெல்லாம் தண்ணீர், அதைத் துடைக்கவும் தோன்றாமல், வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கைப்பிடியில் தட்டித் தட்டிச் சிரித்தாள். பக்கத்துப் பெண் தன் பங்குக் கைப்பிடியையும் சேர்த்து விட்டுக் கொடுத்துவிட்டாள்.

வால்யூம் மூச்சை விட்டார். எப்போதிருந்து பிடித்து வைத்திருந்தாரோ, விடவிட வந்துகொண்டே இருந்தது. நாற்காலியில் சரிந்தார்.

வெளியே வெயிலில் கண் கூசியது. அரங்க வாசலில் காகிதக் கோப்பையில் காபி கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அக்கா கோப்பையை வாங்கி உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"தம்பி, இது காபியா, காபி இருந்த இடமா? இன்னும் ஊத்து."

காபிக்காரர் ஊற்றினார். வால்யூம் அதைப் பார்த்தும் பார்க்காதது போல நின்றார். தூண்டில் பக்கம் வந்த மீனைச் சத்தம் போட்டுக் கலைத்துவிடக் கூடாது என்பது போல ஒரு ஜாக்கிரதை.

மரத்தடிப் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அக்கா ஒரு வாய் குடித்துவிட்டுச் சொன்னாள்: "உங்க மாமா இருந்திருந்தா அந்த சோபாவை மலைமேல கொண்டு போக விட்டிருக்கவே மாட்டார்."

மாமா. அவள் வாயிலிருந்தே அந்தச் சொல் வந்து எவ்வளவு நாளாயிற்று. பேச்சை மாற்றுவதற்கு வால்யூமின் நாக்கு பழக்கத்தில் புரண்டது. சமாளித்து அடக்கினார்.

"ஏன்க்கா?"

"தூக்கறதுக்குக் கூலி கேட்பார். புது வீட்டுக்குப் போனப்ப பீரோவை மாடிக்கு ஏத்தினோமே, ஞாபகம் இருக்கா? படியில ஏத்தும்போது பாரமெல்லாம் கீழ இருக்கறவங்க தலையிலதான். தெரிஞ்சே மேல் பக்கத்தைப் புடிச்சுக்கிட்டார். கீழ நின்னு நான் கத்தறேன், மேல இருந்து 'மெதுவா, மெதுவா'ன்னு எனக்கே யோசனை சொல்றார்."

"நாங்கூட வந்தேனே."

"நீ எங்க வந்த? வாசல்ல நின்னு 'இடிக்குது, இடிக்குது'ன்னு குரல் கொடுத்த. அந்தக் காலத்துலயே உனக்கு வால்யூம் மட்டும்தான்."

இருவரும் சிரித்தார்கள். அக்கா கோப்பையைக் கையில் சுற்றினாள்.

"டேய், இந்தப் படம் உன் கடையில வருஷக்கணக்கா ஓடுது. இந்த முடிவை நான் பார்த்ததே இல்லையே?"

"வெட்டிட்டோம்க்கா."

"ஏன்?"

"இருட்டா இருந்துச்சு. இருட்டு வந்தா டிவி விக்காது."

"அது சரி" என்றாள் அக்கா. "வீட்டுலயும் அதைத்தான் பண்ணிக்கிட்டிருக்கீங்க. நான் உள்ள வந்தாலே சேனல் மாறுது. அந்த மனுஷன் பேரைச் சொன்னா நான் ஒடைஞ்சு போயிடுவேன்னு எல்லாரும் வாயை மூடிக்கிட்டீங்க. எனக்கும் யார்கிட்ட சண்டை போடறதுன்னு தெரியல. எது கேட்டாலும் கொடுத்துடறீங்க."

அக்கா மிச்சக் காபியையும் குடித்து முடித்தாள்.

"எனக்கு ஒரு டிவி வேணும். பெரிசா. என் வீட்டு முன் அறையில மாட்டணும். இந்தப் படத்தை முழுசா போட்டுத் தரணும், சத்தத்தோட."

"அவ்வளவுதானே? நாளைக்கே ஃபிட்டரை அனுப்பி..."

"சும்மா கொடுத்தா வேண்டாம். விலையைச் சொல்லு."

வால்யூம் அவளைப் பார்த்தார். அக்காவின் கண் கொஞ்சம் சுருங்கியிருந்தது. அந்தச் சுருக்கத்தை அவருக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். எத்தனையோ கடைக்காரர்களுக்கும் தெரியும். நிமிர்ந்து உட்கார்ந்தார். தொண்டையைக் கனைத்தார். ஒரு விலை சொன்னார்.

சொன்ன விலையைக் கேட்டால் டிவி செய்த கம்பெனிக்காரனே வெட்கப்பட்டிருப்பான். பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்திருந்த பல் டாக்டர் காபியை விழுங்க மறந்து திரும்பிப் பார்த்தார்.

அக்கா ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. அதில் பாதிக்கும் கீழே ஒரு விலையைச் சொன்னாள், ரொம்பப் பரிதாபப்பட்டுச் சொல்வது போல.

"அக்கா, அது டிவி வர்ற அட்டைப்பெட்டி விலை."

"அப்ப பெட்டியை நீயே வெச்சுக்க. டிவியை மட்டும் கொடு."

"அதுல ஸ்பீக்கர் வேற இருக்கு. ஸ்பிரிங் சத்தமெல்லாம் துல்லியமா கேக்கும்."

"ஸ்பீக்கரோட சேர்த்துதான் சொன்னேன். சுவத்துல மாட்டற ஸ்டாண்டும் சேர்த்து."

"ஃபிட்டிங் சார்ஜ் தனி."

"முடிவை வெட்டின ஃபிட்டர்தானே? அவன் எனக்குப் பாக்கி."

"கட்டுப்படியாகாதுக்கா" என்றார் வால்யூம். குரல் லேசாக உடைந்தது. கட்டுப்படியாகாத வியாபாரி குரல் அப்படித்தான் இருக்கும் என்று டாக்டர் நினைத்திருக்கலாம்.

"ஆகாட்டி விடு."

அக்கா எழுந்தாள். காலிக் கோப்பையைத் தொட்டியில் போட்டாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். வெயிலில் இறங்கி, தெருவைப் பார்த்து நடக்க ஆரம்பித்தாள். அவசரம் இல்லை. தயக்கம் இல்லை. கழுத்து ஒரு இம்மி திரும்பவில்லை.

"கூப்பிடுங்க சார், போறாங்க" என்றார் டாக்டர் பதறிப்போய்.

"இருங்க டாக்டர்" என்றார் வால்யூம். "கொஞ்சம் பார்த்துக்கறேன்."

வேப்பமரத்தைத் தாண்டினாள். சைக்கிள்கள் நிறுத்தியிருந்த இடத்தைத் தாண்டினாள். அந்த முதுகை, அந்த நடையை, அவர் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் வாசல் கேட்டை நெருங்கியபோது எழுந்து நின்று, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, கடைவீதி அவருக்குச் சும்மா பெயர் வைக்கவில்லை என்பது தெருக்கோடி வரை தெரியும்படி ஒரு குரல் கொடுத்தார்.

"அக்கா! உன் விலைக்கே எடுத்துக்க!"

அக்கா நின்றாள். திரும்பவில்லை. "டெலிவரி?" என்றாள் அங்கிருந்தே.

"ஃப்ரீதான்" என்றார் வால்யூம். "ஆனா ஒரு பக்கம் நீதான் தூக்கணும்."